சுத்தலைன்னா போகலாம்

உங்க போன்ல டவர் இருக்குங்களா? ஒரு கோடாவது? இல்லையா. சரிங்க, பரவால்ல. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டுனா அப்படித்தான், போகும் வரும், போகும் வரும்னு என் சம்சாரம் சொல்லுவா. நான் இன்னொரு தடவை போட்டுப் பாக்குறேன். ஒன்னும் நெனச்சுக்காதீங்க, பொள்ளாச்சியில ஏறுனதுல இருந்து உங்க காதுக்குப் பக்கத்துல இதையேதான் பண்ணிட்டிருக்கேன்.

இல்ல. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காங்களாம். ரெக்கார்டுல பேசுற அந்தப் பொம்பளை இருக்காளே. எவ்ளோ நிதானமாச் சொல்றா பாருங்க.

என் பேரு நந்தகோபால். கோயமுத்தூர்ல வெப்சைட்டு செய்யுற கம்பெனி ஒன்னுல வேலை. சம்சாரம் சுகந்தி, மேல வெள்ளப்பாறை எஸ்டேட்டு ஸ்கூல்ல டீச்சர். நான் கீழ ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன், அவ மேல, எஸ்டேட்டுக்காரங்க வரிசையாக் கட்டிக் குடுத்த லைன் வீட்டுல இருக்கா. சனி ஞாயிறு யாராவது ஒருத்தர் பஸ் ஏறுவோம். இன்னைக்கு சனியும் இல்ல ஞாயிறும் இல்ல. காலையில ஆபீஸ் போய் உக்காந்ததும் ஒரு சேதி வந்துச்சு. வெள்ளப்பாறை ஸ்கூலுக்குப் போற குறுக்குப் பாதையில விடியக்காலையில இருந்து ஆனைக்கூட்டம் நிக்குதுன்னு. சுகந்தி தெனமும் நடக்குற பாதை அதுதாங்க. தேயிலைக்கு நடுவுல ரெண்டு ஆள் சேந்தாப்புல நடக்க முடியாது. அப்பவே எந்திரிச்சு வந்து பஸ் ஏறிட்டேன்.

அவளுக்கு ஒன்னும் ஆகியிருக்காது. ஆகியிருந்தா இந்நேரம் யாராவது சொல்லியிருப்பாங்கல்ல? நீங்க சொல்லுங்க. சொல்லியிருப்பாங்கதான.

நீங்க என்ன பண்றீங்க? மரக்கடையா. வால்பாறையிலயா, நல்லதுங்க. அப்ப உங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு விஷயம் சொல்றேன். கேட்டுட்டு நான் செஞ்சது சரியா தப்பான்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு இப்ப யார்கிட்டயாவது சொல்லணும், இல்லேன்னா மண்டை வெடிச்சிரும்.

மேல ஆனை நடமாட்டத்தை எழுதி வைக்கிற சின்னக் குழு ஒன்னு இருக்குங்க. படிச்ச பசங்க. தோட்டத்து ஆளுங்க போன் பண்ணி, இன்ன எடத்துல நிக்குதுன்னு சொல்லுவாங்க. அவங்க அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. அந்தக் கம்ப்யூட்டரைத்தான் நாங்க சர்வர்ங்கிறோம். எங்க கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, எஸ்டேட்டு வெப்சைட்டுல ஒட்டி வைக்கிற மாதிரி ஒரு சாமான் செஞ்சு குடுத்துச்சு. ப்ளகின்னு பேரு. யாராவது பக்கத்தைத் தெறந்தா, இந்த ப்ளகின் சர்வர்கிட்டப் போய், ஆனை இருக்கான்னு கேக்கும். இருக்குன்னு பதில் வந்தா பக்கத்து உச்சியில செவப்புப் பட்டை வரும், எந்த எடம்னு எழுதி. இல்லைன்னா பட்டை வராது, சும்மா பக்கம் தெறக்கும். அவ்ளோதாங்க சாமான்.

இதுல என்ன தொந்தரவுன்னா, அந்தச் சர்வர் பாவம், சின்னது. கரண்ட் போனாப் படுத்துக்கும். நெறையப் பேர் ஒன்னாக் கேட்டாலும் படுத்துக்கும். இந்த ப்ளகினைச் செஞ்ச ஆள், எனக்கு முன்னாடி இருந்தவரு, பதில் வரலேன்னா மறுபடி கேளு, மறுபடி கேளு, வர்ற வரைக்கும் கேளுன்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. கேட்டுட்டே இருக்குற நேரமெல்லாம் பக்கத்துல ஒரு வட்டம் சுத்திட்டே இருக்கும். பாத்திருப்பீங்களே, எல்லா போன்லயும் வரும்.

இப்ப உங்க கடையையே எடுத்துக்கோங்க. தேக்குப் பலகை இருக்கான்னு ஒருத்தர் வந்து கேக்குறாரு. குடோனுக்கு ஆள் அனுப்புறீங்க. குடோன் பூட்டிக் கெடக்கு. ஆள் திரும்பி வந்து சொல்றான். நீங்க உடனே அவனை மறுபடி ஓட விடுவீங்களா? திரும்பி வந்தா மறுபடியும்? பூட்டுன கதவை இடிச்சிட்டே இருந்தா உள்ள இருக்குறவன் தெறக்க வந்தாலும் பயந்துக்குவான். நம்ம ப்ளகின் அதைத்தான் பண்ணிட்டிருந்துச்சு, ஒரு ஆள் இல்ல, பக்கத்தைத் தெறந்த அத்தனை பேர் சார்பாவும். சர்வர் எந்திரிக்கப் பாத்தாலும் நம்ம இடி தாங்காம மறுபடி விழுந்துரும்.

அந்தப் பசங்க எங்க ரமணன் சாருக்குக் கடுப்பா எழுதிட்டாங்க, உங்க ப்ளகினை நிறுத்துங்க இல்லேன்னா கதவை ஒரேயடியா சாத்திருவோம்னு. ரமணன் சார்னா எங்க மொதலாளி. அவரு என்னைக் கூப்பிட்டு, நந்து, பதில் வராமத் தோத்துப் போற கேள்விங்களைக் கொறைச்சுக் குடுன்னாரு. அதே வாரம் எஸ்டேட்டுக்குள்ள டூரிஸ்ட்டுக்குக் காட்டேஜ் வாடகைக்கு விடுறவங்களும் வந்து ஒப்பாரி வச்சாங்க, பக்கம் சுத்திட்டே இருந்தா டூரிஸ்ட்டு வேற எடம் பாத்துப் போயிடுறான்னு.

நான் பண்ணது ரொம்ப அழகான வேலைங்க, இன்னைக்கும் சொல்லுவேன். ஒரு தடவை பதில் வரலேன்னா அதை ஞாபகம் வச்சுக்கோ. கொஞ்ச நேரம் யாருக்காகவும் கேக்காதே. அப்புறம் ஒரு தடவை கேளு. அப்பவும் வரலேன்னா ரெண்டு பங்கு நேரம் சும்மா இரு. அப்பவும் வரலேன்னா அதுக்கும் ரெண்டு பங்கு. சர்வருக்கு மூச்சு விட நேரம் கெடைக்குமில்ல. எங்க தொழில்ல இதுக்கு நல்ல பேரு உண்டு. போட்ட அன்னைக்கே கம்ப்யூட்டர்ல அந்தத் தோத்துப் போற கேள்வி எத்தனைன்னு காட்டுற கோடு சர்ருனு கீழ எறங்கிருச்சு. ரமணன் சார் ஆபீஸ் பூராவுக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் குடுத்தாரு. எனக்கு ரெண்டு.

என்ன கேட்டீங்க? சும்மா இருக்குற நேரத்துல பக்கத்தைத் தெறக்குறவங்களுக்கு என்ன காட்டும்னா? ஒன்னும் காட்டாது. பக்கம் சுத்தமாத் தெறக்கும். வட்டமும் கெடையாது, பட்டையும் கெடையாது. தகவல் கெடைக்கலைன்னு சின்னதா ஒரு வரி போடலாம்னுதான் நான் மொதல்ல எழுதுனேன். காட்டேஜ்காரங்க, அதைப் பாத்தாலும் டூரிஸ்ட்டு பயப்படுவான்னாங்க. சரின்னு எடுத்துட்டேன். நான் பொய் சொல்லலைங்க. ஆனை இல்லைன்னு எங்கயும் எழுதலை. ஒன்னுமே எழுதலை. ஒன்னுமே எழுதாததுக்கு ஒருத்தனைக் குத்தம் சொல்ல முடியுமா?

இருங்க, வளைவுல ஒரு கோடு வருது. போட்டுப் பாக்குறேன்.

இல்ல. அதே பொம்பளை.

நானும் மனசுக்குச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். நந்து, பதில் வரலேன்னா கொஞ்சம் பொறுத்துக் கேளு, அப்புறம் இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கேளு, அதானே உன் வேலைன்னு. முடியலைங்க. கையி தானா அமுக்குது. அவ வீட்டுக்குள்ள டவர் கெடையாது, குழாயடியில நின்னாத்தான் வரும். தண்ணி புடிக்கப் போனா எடுத்துருவா, துணி அலசப் போனா எடுத்துருவான்னு ஒவ்வொரு தடவையும் தோணுது.

போன மாசம் கீழ வந்திருந்தப்ப சுகந்தி ஒன்னு சொன்னா. சாப்பிட்டுட்டு இருக்கோம். எங்க லைன்ல எல்லாரும் உங்க வட்டத்தைப் பாத்துத்தான் வெளிய கால் வைக்கிறோம்னா. எனக்குப் புரியலை. சுத்துச்சுன்னா போக மாட்டோம், சுத்தலைன்னா போகலாம், எஸ்தர் அக்கா கூட, டீச்சரு சுத்துதான்னு பாத்துச் சொல்லுன்னுதான் தெனமும் கேக்குறாங்கன்னா. எஸ்தர் அக்கான்னா ஸ்கூல்ல சத்துணவு சமைக்கிறவங்க. பக்கத்து வீடு. அவங்ககிட்ட இருக்குறது பட்டன் போனு, அதனால இவதான் பாத்துச் சொல்றது. ரெண்டு பேரும் சேந்தே கெளம்புவாங்க.

நான் சிரிச்சுட்டேன். சாப்பாடு பொரையேறிப் போச்சு. படிச்ச பொண்ணு நீ, நீயுமா இப்படின்னேன். அது ஆனையைப் பாத்துச் சுத்துறது இல்ல, சர்வர் படுத்துட்டாச் சுத்துறதுன்னு வெளக்கமாச் சொன்னேன். ஆனை வந்துச்சுன்னா சத்தம் கேட்டு எஸ்டேட்டே ஒரே நேரத்துல போனை எடுத்துப் பாக்கும். அத்தனை பேர் கேட்டா சர்வர் திணறும். திணறுனா பதில் வராது, வட்டம் சுத்தும். டெக்னிக்கலா அவ்ளோதான் விஷயம். இதுல என்ன எச்சரிக்கை இருக்கு, சொல்லுங்க. இவ ரசம் ஊத்திக்கிட்டா.

அதுக்கப்புறம்தான் ப்ளகினை மாத்துனேன், மாத்துறதை அவகிட்டச் சொல்லலைங்க. ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேசுனா எனக்குப் பிடிக்காது. அப்புறம், சொன்னா எதுக்கு மாத்துறீங்கன்னு கேப்பா. வெளக்கணும். ஒரு தடவை வெளக்குனதே போதும்னு இருந்துச்சு.

காலையில அந்தக் குழுப் பசங்க ரமணன் சாருக்கு எழுதியிருந்தாங்க. விடியறதுக்கு முன்னாடியே ஆனைக்கூட்டம்னு ஏத்திட்டோம், ஆரம்பத்துல கொஞ்ச நேரம் சர்வர் திணறுச்சு, அப்புறம் நல்லாத்தான் இருக்கு, ஆனா உங்க ப்ளகின் வந்து கேக்கவே இல்லையே, ஏன்னு. நான் சொன்னேனே ரெண்டு பங்கு, அதுக்கும் ரெண்டு பங்குன்னு, அந்தக் கணக்குல சும்மாவே இருந்திருக்கு. நான் படிச்சுட்டு எந்திரிச்சவன்தான். லீவு கூடச் சொல்லலை.

மாத்திட்டீங்களான்னு கேக்குறீங்க. எதை? பழையபடி சுத்துற மாதிரியா? இல்லீங்க, இன்னும் இல்ல. மாத்துறது ஒரு நிமிஷ வேலைதான், போன்லயே கூட பண்ணிரலாம். ரமணன் சார் போன் பண்ணி, நான் வந்து பேசுற வரைக்கும் தொடாதேன்னாரு. அதுவும் ஞாயம்தான. இப்பப் போய் மாத்துனா நான் பண்ணது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். எத்தனை மணிக்கு மாத்துனான்னு வேற அதுல பதிஞ்சிருக்கும். நாளைக்கு யாராவது கேட்டா? குழந்தை பொறக்கப் போகுதுங்க எங்களுக்கு. ஆமா. அதைச் சொல்லலையா நான். அஞ்சாம் மாசம். அவளால ஓடக் கூட முடியாதுங்க.

அதைத்தான் நான் நெனைக்காம இருக்கப் பாக்குறேன். ஆனை தொரத்துனா எறக்கத்துல ஓடணும்னு யாரோ சொன்னாங்க. அவ படியில எறங்குறதுக்கே என் தோளைப் புடிப்பா. சாமி, அவ மட்டும் நல்லா இருக்கட்டும். வேற எதுவும் கேக்க மாட்டேன். என்ன வேணா ஆகட்டும், அவ குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்.

இருங்க. அடிக்குது. புது நம்பர். ரமணன் சார் வேற நம்பர்ல கூப்பிடுறாரோ? எடுக்கட்டுங்களா? எடுத்துத்தான் ஆகணும்.

ஹலோ. யாருங்க. சுகந்தி? சுகந்தி, நீயா? உனக்கு ஒன்னும் இல்லையே? வயித்துல ஒன்னும்... சரி, சரி. கேக்குது, சொல்லு. யாரு? எஸ்தர் அக்காவா. ம். அழாத. அழாம சொல்லு. ம். ம். இல்ல, நீ ஏன் அப்படி நெனக்கிற. நீ பாத்ததைத்தான சொன்ன. உனக்கு எப்படித் தெரியும். விடு. நான் பஸ்லதான் வந்துட்டிருக்கேன். எங்க? சரி. சரி, பாக்குறேன். ஹலோ. ஹலோ.

கட்டாயிருச்சு.

நல்லா இருக்காங்க. அவ நல்லா இருக்கா. கொஞ்சம் தண்ணி குடுங்க. அப்பா. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு பாருங்க. அவ நல்லா இருக்கா.

போனை வீட்டுலயே போட்டுட்டு ஓடியிருக்கா. இது ஆம்புலன்ஸ்காரரோட போனு. என் நம்பர் ஒன்னுதான் மனப்பாடமாத் தெரியும்னா.

எஸ்தர் அக்காவை அடிச்சிருச்சுங்க. குறுக்குப் பாதையில. தேயிலைக்குள்ள தூக்கி வீசியிருக்கு. இடுப்பும் காலும் போயிருச்சு, மூச்சு மட்டும் ஓடுதாம். வால்பாறையில கட்டுப் போட்டு, கீழ கொண்டு போங்கன்னு அனுப்பிட்டாங்க. கூட வர ஆள் இல்லைன்னு இவதான் ஏறியிருக்கா. அந்தக்காவுக்கு ஒரே மகன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். இனிமேதான் அவனுக்குச் சொல்லணுமாம்.

காலையில இவளுக்கு மசக்கை மாதிரி வந்து தலை சுத்தியிருக்கு. நீங்க அடுப்பைப் பத்த வைங்க அக்கா, நான் பின்னாடி வர்றேன்னு அனுப்பியிருக்கா. அனுப்புறதுக்கு முன்னாடி குழாயடிக்குப் போய், போனைத் தெறந்து பாத்திருக்கா. பாத்துட்டுத்தான் அனுப்பியிருக்கா.

"நான்தாங்க அந்தக்காவைக் கொன்னுட்டேன். சுத்தலை, போங்கன்னு நான்தான் சொன்னேன்"னு அழுகுறா. அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றா.

நான் சொன்னதை நீங்களும் கேட்டீங்களே. உனக்கு எப்படித் தெரியும், விடுன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். வாயும் வயிறுமா இருக்குறவகிட்ட வேற என்ன சொல்லுவாங்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

சொல்லலாங்க. சொல்லணும். சொல்ல மாட்டேன்னு சொல்லலையே நான். போன்ல எப்படிச் சொல்றது, அதுவும் அந்தக்காவுக்குப் பக்கத்துல உக்காந்துட்டு இருக்கா. நேர்ல, நல்ல நேரம் பாத்து, பொறுமையா, சர்வர் எப்படி, எதுக்காக மாத்துனோம்னு வெளக்கிச் சொன்னாப் புரிஞ்சுக்குவா. இப்ப சொன்னா அவ மனசு ஒடைஞ்சிரும். ஒரு விதத்துல அவளுக்காகத்தான் சொல்லாம இருக்கேன்.

போன்ல கடைசியா அவ என்ன கேட்டான்னா, அட்டகட்டியில எறங்கி நில்லுங்க, ஆம்புலன்ஸ் அந்த வழியாத்தான வருது, உங்களையும் ஏத்திக்கச் சொல்றேன்னா. "எனக்குப் பயமா இருக்குங்க, பக்கத்துல வந்து உக்காருங்க"ன்னா. அவ என்கிட்ட எப்பவும் எதுவும் கேட்டதில்லைங்க.

இதான் அட்டகட்டியா? டீக்கடையெல்லாம் இருக்கு. நல்லா வெயில் அடிக்குது. நாலஞ்சு பேர் எறங்குறாங்க.

எறங்கணும். எறங்கி அந்தப் பெஞ்சுல உக்காந்தா வந்துருவா. வந்து கதவைத் தெறப்பாங்க. நான் உள்ள ஏறணும். அந்தக்கா அங்க கெடப்பாங்க. போன தடவை போனப்ப எனக்கு ஒரு தூக்கு நெறைய பாயசம் குடுத்து விட்டாங்க, மாப்பிள்ளை எளைச்சுட்டாருன்னு. சுகந்தி என் கையைப் புடிச்சுக்கிட்டு மறுபடி சொல்லுவா, நான்தான் சொன்னேன், சுத்தலைன்னு நான்தான் சொன்னேன்னு. பொள்ளாச்சி போற வரைக்கும் சொல்லுவா. நான் அதைக் கேட்டுட்டே உக்காந்திருக்கணும். ஒரு வேளை அழுகையை நிறுத்திட்டு, ஏங்க, ஏன் இன்னைக்குச் சுத்தலைன்னு கேட்டுட்டான்னா? கேப்பா. அவ கேக்குற ஆளு.

இல்லீங்க கண்டக்டர், நான் வால்பாறைதான். டிக்கெட் இருக்கு. ஆமா, எறங்கலை. போலாங்க.

பஸ் நிக்கலைன்னு சொல்லிக்கலாம். மலைப்பாதையில நெனச்ச எடத்துல நிறுத்த மாட்டாங்கதான. டவர் இல்ல, சரியாக் கேக்கலைன்னு கூடச் சொல்லலாம். மேல போயிட்டு அடுத்த பஸ்ல எறங்கிருவேன். அதுக்குள்ள யோசிச்சு ஒரு மாதிரி சொல்ல வந்துரும். இவ்ளோ நேரம் அவளுக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயந்தேங்க. அது ஒரு பயமே இல்ல. இப்ப அவ பக்கத்துல போய் உக்கார்றதுதான் பயம்.

அது என்ன சத்தம்? சைரனா?

மேல இருந்து வருதா? பஸ் ஏன் ஒதுங்குது? வழி விடுறாங்களா.

ஐயா, ஒரு உதவி. நீங்க இந்த ஜன்னலோரம் வந்துருங்க. கொஞ்சம் வேகமா. நான் அந்தப் பக்கம் வந்துர்றேன். வர்ற ஒவ்வொரு பஸ்ஸையும் அவ பாத்துட்டே வருவா, எனக்குத் தெரியும். உங்க பையை மடியில வச்சுக்கோங்க, இன்னும் மேல. நான் சும்மா குனிஞ்சுக்குறேன், செருப்பு வாரைப் போடுற மாதிரி.

பக்கத்துல வந்துருச்சு. ஜன்னல் தெறந்திருக்கா? அதுல யாராவது தெரியுறாங்களா? பச்சைச் சேலை கட்டியிருப்பா. இல்ல, வேணாம், சொல்லாதீங்க. நீங்களும் அங்க பாக்காதீங்க.

போயிருச்சுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. போயிருச்சா?